கனேலா என்றொரு கணக்கு

எலோய் பிகுவாவேயை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரமே, அவனுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்த நார்சிசா லிந்தாவ் என்பவளைக் கூப்பிட்டு அந்த வேலையைக் கொடுத்தார்கள்.

எலோய் கெட்டவன் இல்லை. குவாயாகில் நகரின் தெற்கே, கழிமுகத்தை ஒட்டிய அந்தக் கன்டெய்னர் முனையத்தில் கணினிப் பிரிவில் இருந்தவர்கள் எல்லாருமே அவனைப் போலத்தான். காலையில் வருவார்கள், சர்வர்களைப் பார்த்துக்கொள்வார்கள், சாயங்காலம் வீட்டுக்குப் போவார்கள். எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் ஏறும், எது சோதனைக்குப் போகும், எது போகாமலே ஏறும் என்பதெல்லாம் ஒரு சிஸ்டத்தில் இருந்தது. அந்த சிஸ்டத்தில் எதையும் மாற்றக்கூடிய தலைமைக் கணக்கு ஒன்று உண்டு. அதன் கடவுச்சொல் அந்தப் பிரிவில் இருந்த ஐந்து பேருக்கும் தெரியும். கூட்டுக் குடும்பத்தில் பாத்ரூம் வாளி மாதிரி, எல்லாரும் எடுப்பார்கள், யார் எடுத்தார்கள் என்று எங்கேயும் பதிவாகாது.

எலோயின் போனுக்கு முதலில் ஒரு படம்தான் வந்தது. அவன் மகள் பள்ளிக்கூட வாசலில் சீருடையோடு நிற்கிற படம். கூட ஒரு வார்த்தையும் இல்லை. கேள்வி மறுநாள் வந்தது. அவன் கடவுச்சொல்லைக் கொடுத்தான். யாரோ உள்ளே வந்து, போதைப்பொருள் ஒளித்த ஒரு வாழைக்காய்ப் பெட்டியைச் 'சோதனை முடிந்தது' என்று மாற்றிவிட்டுப் போனார்கள். இன்னொரு தடவையும் நடந்தது. மூன்றாவது தடவை கேட்டபோது, போதும், என்னை விட்டுவிடுங்கள் என்று எலோய் கெஞ்சியிருக்கிறான். ரொட்டிக்கடையில் வரிசையில் நின்றவனை, சாயங்கால வெயில் இருக்கும்போதே மோட்டார் சைக்கிளில் வந்து சுட்டார்கள். கடைக்காரர் வாசலைக் கழுவிவிட்டு அரை மணியில் மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தார்.

அதற்குப் பிறகுதான் முனையத்தின் முதலாளிகள் பனாமாவில் விழித்துக்கொண்டார்கள். கணினிப் பிரிவின் மேலாளர் ஹெர்மான் வித்தேரி நார்சிசாவை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"இன்ஹே லிந்தாவ்," என்றார். பொறியியல் படித்தவர்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "கடவுச்சொல்லை எல்லாம் பூட்டி வெக்கற பெட்டகம்னு ஒரு மெஷின் வாங்கறாங்க. எல்லாத் தலைமைக் கணக்கும் அதுக்குள்ள போகணும். மனுஷன் கை படக்கூடாது. நீங்கதான் பண்ணணும்."

"ஏன் நான்?"

"மத்த மூணு பேரும் முடியாதுன்னுட்டாங்க."

நார்சிசா எழுந்து தன் மேசைக்கு வந்தாள். நாற்பது தாண்டியவள், கட்டையான உடம்பு, வேகமான நடை. நகரின் தெற்கோரத்து ஏழைக் குடியிருப்பான குவாஸ்மோவில் பிறந்து, அரசாங்கப் பொறியியல் கல்லூரியில் படித்து, அதே குவாஸ்மோவில் தங்கை ஹசிந்தாவின் முடிதிருத்தும் கடைக்கு மேல் மாடியில் குடியிருப்பவள். மேசை இழுப்பறையில் எப்போதும் உப்பும் மாங்காயும் வைத்திருப்பாள். யோசனை வந்தால் ஒரு கீற்றைத் தொட்டு வாயில் போடுவாள். அன்று இழுப்பறையைத் திறந்தவள், எலோயும் அதிலிருந்துதான் கேட்காமலே எடுத்துத் தின்பான் என்பது நினைவுக்கு வந்து, தொடாமல் மூடிவிட்டாள்.

வேலையில் இறங்கிய பிறகு அவளுக்கு அதில் ஒரு வெறியே வந்துவிட்டது. ஒருவனுக்குத் தெரிந்ததைத்தான் அவனிடமிருந்து பிடுங்க முடியும். தெரியாததைப் பிடுங்க முடியாது. அவ்வளவுதான் அவள் கணக்கு. இனிமேல் கடவுச்சொல்லை இயந்திரமே உண்டாக்கும், எந்தக் கண்ணுக்கும் காட்டாது. வேலை இருக்கிறவன் கேட்க வேண்டும், இன்னொருவர் சம்மதிக்க வேண்டும். இயந்திரமே கதவைத் திறந்து உள்ளே விடும். அவன் செய்வதையெல்லாம் பக்கத்தில் நின்று படம் பிடிக்கும். நேரம் முடிந்ததும் வெளியே தள்ளிப் பூட்டையே மாற்றிவிடும். வழக்கத்துக்கு மாறாக எதையாவது தொட்டால் அந்தக் கணத்திலேயே அடைத்துக்கொள்ளும்.

இதற்காகப் பழைய கணக்குகளை எல்லாம் கிளறினாள். ஓய்வு பெற்றுப் போனவர்கள், சண்டை போட்டுப் போனவர்கள், பெயரே யாருக்கும் ஞாபகம் இல்லாதவர்கள் என்று ஒரு கூட்டமே உயிரோடு இருந்தது. அவற்றுக்கு நடுவில் எலோயின் சொந்தக் கணக்கும் இருந்தது. மூடுவதற்கு முன் கடைசியாக எப்போது பயன்பட்டது என்று பார்த்தாள். எலோயைப் புதைத்த பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவன் பெயரில் யாரோ உள்ளே வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மற்ற மூன்று பேரும் அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நார்சிசா அவர்கள் முதுகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இவர்களில் ஒருவனா, வெளியில் இருக்கிற ஒருவனா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. ஆள் வேலையை விட்ட நாளிலேயே அவன் கணக்கும் சாக வேண்டும் என்று ஒரு விதியை எழுதிச் சேர்த்தாள். எலோயின் கணக்கைத் தன் கையாலேயே மூடினாள்.

பெட்டகம் ஓட ஆரம்பித்த அன்று சாயங்காலம் ஹசிந்தாவின் கடையில் உட்கார்ந்து அதைச் சொன்னாள். கடையில் ஒரு வாடிக்கையாளர் தலையில் சாயம் பூசிக்கொண்டு காத்திருந்தாள். பாத்திமா என்ற பெண், புருஷன் மில்தோன் தொமாலா அதே முனையத்தில் பெட்டிகளின் சீல் சரிபார்க்கிறவன்.

"அப்ப உங்க ஆபீஸ்ல இனிமே யாருக்கும் ஒண்ணும் தெரியாது," என்றாள் பாத்திமா. "சம்பளத் தேதி மட்டும் தெரியும்."

"அதுவும் மெஷின்தான் சொல்லும்," என்றாள் நார்சிசா.

ஹசிந்தா சிரிக்கவில்லை. சீப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "உன்கிட்ட சாவி இல்லேன்னு உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். மோட்டார் சைக்கிள்ல வர்றவனுக்குத் தெரியுமா?"

நார்சிசா தரையில் கிடந்த முடியைக் காலால் ஒதுக்கினாள்.

"நான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தடுப்பூசி போட்டுக்கறேன்," என்றாள் ஹசிந்தா. கடை நடத்துகிறவர்கள் கும்பலுக்குக் கட்டுகிற மாமூலுக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். "கல்லா காலின்னு சொன்னா நம்பறானா? திறந்து காட்டுன்னுதான் சொல்றான். உன் மண்டையைத் திறந்து எப்படிடி காட்டுவே, ஞாஞா?"

அக்காளை அவள் எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவாள், கோபம் வந்தாலும்.

மறுநாள் நார்சிசா வித்தேரியிடம் போய்க் கேட்டாள். நம் ஆட்கள் யாரிடமும் எந்தக் கடவுச்சொல்லும் இல்லை என்று வெளியே தெரியும்படி சொல்லிவிடலாம் என்றாள். வித்தேரி மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

"பாதுகாப்பு ஏற்பாட்டை ஊருக்குத் தம்பட்டம் அடிப்பாங்களா, இன்ஹே? ரகசியமா இருந்தாத்தான் அது பாதுகாப்பு."

"அவங்களுக்கு ரகசியம்னா நமக்கு ஆபத்து, சார். இல்லாத ஒண்ணைக் கேட்டு அடிப்பாங்க."

"ஒப்பந்தத்துல இருக்கு. வெளியில பேசக்கூடாது."

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்களே, அதை நம்பித்தான் அக்காளும் தங்கையும் காரியத்தை நடத்தினார்கள். ஹசிந்தாவின் கடைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும், முடி வெட்டுவதோடு இந்தச் சேதியும் சேர்த்தே கிடைத்தது. துறைமுகத்தில் ஒருத்தருக்கும் சாவி தெரியாதாம், எல்லாம் இயந்திரமாம், இவளே போய் நின்றாலும் விடாதாம். குவாஸ்மோவில் சொன்னது கழிமுகத்தின் அக்கரையில் இருக்கிற கும்பலின் காதுக்குப் போக ஒரு வாரம் கூட ஆகாது. அந்த மாதங்களில் கணினிப் பிரிவில் யார் போனுக்கும் எந்தப் படமும் வரவில்லை. நார்சிசா மறுபடி மாங்காய் வாங்கி வைத்தாள்.

அப்புறம் மின்வெட்டு வந்தது. மலையில் மழை இல்லை, அணைகளில் தண்ணீர் இல்லை. தினமும் பல மணி நேரம் நகரம் இருண்டு கிடந்தது. ஜெனரேட்டர்கள் இரைந்து இரைந்து ஒரு மத்தியானம் முனையத்தின் ஜெனரேட்டரும் நின்றது. மின்சாரம் மறுபடி வந்தபோது பெட்டகம் எழுந்திருக்கவில்லை. கப்பல் ஒன்று துறையில் காத்திருந்தது. குளிர்ப்பெட்டிகளில் இறால் உருகிக்கொண்டிருந்தது. சிஸ்டத்துக்குள் போக ஒருத்தரிடமும் சாவி இல்லை. அதைத்தானே அவள் செய்து வைத்திருந்தாள். பெட்டகத்தை எழுப்ப அவளுக்குச் சாயங்காலம் ஆகிவிட்டது.

வித்தேரி அவள் பின்னாலேயே நின்று கத்திக்கொண்டிருந்தார். எல்லாம் சரியான பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். "ஒரே ஒரு கணக்கு வெளியில இருக்கட்டும். விதிக்கு உட்படாம. அவசரத்துக்கு. என்கிட்ட மட்டும் இருக்கும்."

"அவசரத்துக்குன்னா ரெண்டு பேரா வெச்சுக்கலாம். கடவுச்சொல் பாதி உங்ககிட்ட, பாதி பனாமாவுல."

"போன் வேலை செய்யலேன்னா பனாமாவை எங்க போய்த் தேடறது? ரெண்டு வாரத்துக்குத்தான். மழை வந்ததும் எடுத்துடலாம்."

கணக்குக்குக் கனேலா என்று பெயர் வைத்தார். அவர் வீட்டு நாயின் பெயர் அது. நார்சிசாவுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் உருகின இறாலின் நாற்றம் இன்னும் மூக்கிலேயே இருந்தது. அவள் உண்டாக்கிக் கொடுத்தாள், கடவுச்சொல்லை அவரே வைத்துக்கொண்டார்.

மழை வந்தது. மின்வெட்டு போனது. கனேலா போகவில்லை. திங்கட்கிழமை தோறும் பெட்டகம் தானாகவே அவளுக்கு ஒரு வரி அனுப்பியது: விதிக்கு வெளியே ஒரு கணக்கு உள்ளது. திங்கட்கிழமை தோறும் அவள் வித்தேரியிடம் போய் நின்றாள். முதலில் அடுத்த வாரம் என்றார். பிறகு அடுத்த மாதம் என்றார். கடைசியில் அவளைப் பார்த்தாலே போனைக் காதில் வைத்துக்கொண்டார். ஆள் இளைத்திருந்தார். கழுத்துப் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி தெரிந்தது.

நார்சிசா காலையில் வேலைக்குப் போகும் வழியில் ஒரு தள்ளுவண்டியில் மரவள்ளிக்கிழங்கு போட்ட மீன் சூப் குடிப்பாள். மேலே வெங்காயமும் எலுமிச்சையும் பிழிந்து, வறுத்த வாழைக்காய்ச் சீவலோடு. அன்று அவள் பக்கத்து ஸ்டூலில் ஒருவன் வந்து உட்கார்ந்தான். இஸ்திரி போட்ட சட்டை, குளித்த சோப்பு வாசனை, நகங்கள் சுத்தமாக இருந்தன. மில் கணக்குப்பிள்ளை மாதிரி இருந்தான்.

"காலை வணக்கம், இன்ஹே."

அவள் திரும்பிப் பார்த்தாள். தெரிந்த முகம் இல்லை.

"நீங்க சாப்பிடுங்க. ஆறிடும்." தன் கிண்ணத்தில் எலுமிச்சையைப் பிழிந்தான். "உங்க தங்கச்சி கடையில நல்லா முடி வெட்டறாங்கன்னு எங்க வீட்டுல சொல்வாங்க. அங்க பேசறதும் கேப்பாங்க. யாருக்கும் சாவி தெரியாதாமே."

"ஆமா. தெரியாது."

"நான் நம்பறேன். பொய் சொல்ற முகம் இல்லை உங்களுது." அவன் நிதானமாக ஒரு வாய் குடித்தான். "நாய்க்கு மட்டும் வெளியில படுக்கை போட்டிருக்கீங்களாமே?"

நார்சிசாவின் கரண்டி கிண்ணத்திலேயே நின்றது.

"கனேலா," என்றான் அவன். "அழகான பேரு. அது எங்களை நல்லா கவனிச்சுக்குது. ஆனா அதை வளக்கறவருக்கு உடம்பு சரியில்ல. பயந்தவங்க சீக்கிரம் தப்பு பண்ணுவாங்க. அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா அதுக்குச் சோறு போட ஒருத்தர் வேணும். அதை உண்டாக்கினது நீங்கதானே?"

"அதோட கடவுச்சொல் எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சுக்கலாம். படிச்சவங்க நீங்க." எழுந்து, இரண்டு பேருக்கும் சேர்த்துக் காசு கொடுத்தான். "அவசரம் இல்லை, இன்ஹே. உங்க தங்கச்சி வெள்ளிக்கிழமை குடுக்கறதைக் கூட இந்த மாசம் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

அவன் போன பிறகும் வெகுநேரம் அவள் எழுந்திருக்கவில்லை. தள்ளுவண்டிக்காரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தட்டுகளைக் கழுவினாள். ஏதாவது கேட்டால் பதில் கேட்க நேருமே என்பது போல.

அலுவலகத்துக்குப் போனதும் நேராக வித்தேரியின் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். "கனேலா பேரு தெருவுல நடக்குது, சார்," என்றாள்.

அவர் மறுக்கவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. மேசை மேல் இருந்த பேனாவை நேராக்கி வைத்தார்.

"என் பையன் டென்னிஸ் ஆடற இடத்துக்கு வந்தாங்க," என்றார். "அவன்கூட ஒரு ஆட்டம் ஆடினாங்க, இன்ஹே. ஆடிட்டு, அப்பாவை விசாரிச்சதா சொல்லுன்னு அனுப்பினாங்க."

"எப்போ?"

"மின்வெட்டுக்கு முன்னாடி."

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இறாலுக்காக அந்தக் கணக்கு உண்டாகவில்லை. இறால் உருகினது அவருக்கு ஒரு சாக்காக வாய்த்தது. ஜெனரேட்டர் தானாகத்தான் நின்றதா என்ற கேள்வி அவள் வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

"அதை மூடிடறேன்," என்றாள்.

"மூடினா என் பையனை மூடிடுவாங்க."

"மூடாட்டி அடுத்தது நான். என் தங்கச்சி."

ஜன்னலுக்கு வெளியே பாரந்தூக்கி ஒன்று பெட்டியை மெதுவாக இறக்கிக்கொண்டிருந்தது. வித்தேரியின் கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் அவரை வெறுக்கப் பார்த்தாள், முடியவில்லை. எலோயிடம் இருந்ததைவிட இந்த ஆளிடம் கூடுதலாக இருந்தது ஒரு அறையும் ஒரு நாற்காலியும்தான்.

"நான் மூடினேன்னு இருக்கக்கூடாது," என்று நார்சிசா மெதுவாகச் சொன்னாள். "நீங்க மூடினதாவும் இருக்கக்கூடாது. இந்த ஊருல இருக்கற யாரும் மூடினதா இருக்கக்கூடாது. மெஷின் மூடணும். வெளிநாட்டுல இருந்து."

"எத்தனை நாள்ல?"

"நீங்க குடும்பத்தோட கிளம்ப எத்தனை நாள் வேணும்?"

"சனிக்கிழமை," என்றார். பிறகு, "வெள்ளிக்கிழமை ஒரு கப்பல் இருக்கு, இன்ஹே," என்றார்.

அவர் என்ன சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அந்தக் கப்பலில் அவர்கள் பெட்டி ஒன்று ஏற இருந்தது; அதற்கு முன்னால் மூடினால் அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும், அவர் விமான நிலையம் வரைக்கும் போகமாட்டார். அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டாள்.

பனாமாவில் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இத்செல் என்றொரு பெண்மணி இருந்தாள். முகம் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கடற்கரைச் சாலைக்குப் போய், இரவல் வாங்கின ஒரு போனில் இருந்து நார்சிசா அவளை அழைத்தாள். வித்தேரியின் பெயரைச் சொல்லவில்லை. கணக்கு கசிந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

"இப்பவே அடைச்சிடறேன்," என்றாள் இத்செல்.

"வேண்டாம். சனிக்கிழமை மத்தியானம்."

"ஏன்னு கேக்கலாமா?"

"கேக்காதீங்க. இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு. விதிவிலக்கே இல்லேன்னு மெஷின்ல போடுங்க, பொது மேலாளர் கேட்டாலும் சேக்க முடியாதபடி. சம்மதம் குடுக்கற ரெண்டு பேரும் அங்கயே இருக்கட்டும், ஒருத்தர் பனாமாவுல, ஒருத்தர் சாந்தியாகோ ஆபீஸ்ல. இங்க ஒருத்தருக்கும் அந்த உரிமை வேண்டாம். என்னோடதையும் எடுத்துடுங்க."

"உங்களோடதையுமா? நீங்க கட்டினது அது."

"கட்டினவகிட்ட இருக்கும்னுதான் தேடிக்கிட்டு வர்றாங்க."

"ரெண்டாவது?"

"இதை வெளியில சொல்லணும். வாசல்ல போர்டு வெக்கணும், ரேடியோவுல சொல்லணும். குவாயாகில்ல யார்கிட்டயும் எந்த அதிகாரமும் கிடையாதுன்னு. ஒப்பந்தத்துல என்ன எழுதியிருந்தாலும் சரி. இதுக்கு ஒத்துக்கலேன்னா திங்கட்கிழமை நான் வரமாட்டேன்."

இத்செல் மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். புதன்கிழமை சம்மதம் வந்தது.

வெள்ளிக்கிழமை நார்சிசா திரை முன்னால் உட்கார்ந்திருந்தாள். மத்தியானச் சாப்பாட்டை அவித்த வாழைக்காய் உருண்டையோடு அப்படியே நகர்த்தி வைத்துவிட்டாள். வடக்கு அடுக்கில் ஒரு பெட்டி, ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்குப் போகிறது, சோதனைக்காக ஒதுக்கி வைத்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் நிறம் மஞ்சளில் இருந்து பச்சைக்கு மாறியது. மாற்றியது கனேலா. ஒரு போன் செய்தால் பெட்டியை நிறுத்தியிருக்கலாம். கைக்கு எட்டும் தூரத்தில் போன் இருந்தது. அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாரந்தூக்கி பெட்டியை எடுத்தது. கப்பல் கடல் ஏற்றத்தோடு கிளம்பியது. அந்தப் பெட்டிக்குள் இருந்த பொடி கடல் கடந்து யார் வீட்டுப் பிள்ளையின் மூக்கில் போய்ச் சேர்ந்ததோ, அவள் பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள்.

சனிக்கிழமை காலை வித்தேரியும் மனைவியும் மகனும் உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறவர்கள் போல உடுத்திக்கொண்டு விமானம் ஏறினார்கள். நாயைக் காவல்காரனிடம் விட்டுவிட்டுப் போனார்கள். மத்தியானம் பெட்டகம் கனேலாவை அடைத்தது. கூடவே நார்சிசாவின் உரிமையும் போனது. திங்கட்கிழமை அவள் திரையைத் திறந்தபோது, தான் கட்டின வீட்டில் தனக்கே வாசலில் நிற்க மட்டும்தான் இடம் இருந்தது. அவள் எதிர்பார்த்த நிம்மதி வரவில்லை. உடம்பில் ஏதோ ஒன்றை அறுத்து எடுத்தது போலத்தான் இருந்தது.

முனையத்தின் வாசலில் போர்டு வைத்தார்கள். ரேடியோவில் மூன்று வேளையும் சொன்னார்கள். போர்டு வைத்த அன்றே, மத்தியான ஷிப்ட் மாறும் நேரத்தில், அதன் மேல் யாரோ மோட்டார் சைக்கிளில் வந்து சுட்டுவிட்டுப் போனார்கள். ஆளுக்குச் சேதமில்லை. எழுத்துகளுக்கு நடுவே ஓட்டைகளோடு போர்டு அப்படியே நின்றது.

அந்த வாரமே அவன் மறுபடி வந்தான். அதே தள்ளுவண்டி, வேறு சட்டை, அதே சோப்பு.

"நாய் செத்துப்போச்சு," என்றான்.

"மெஷின் எடுத்துடுச்சு. இங்க யாராலயும் திருப்பிக் கொண்டுவர முடியாது. என்னாலயும் முடியாது. என்னை அடிச்சாலும் கொன்னாலும் ஒண்ணும் கிடைக்காது." அவள் வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகிய வார்த்தைகள் அவை.

"விசாரிச்சேன். உண்மைதான்." அவன் அவளையே பார்த்தான். "அப்ப நீங்க எதுக்கு இன்னும் அங்க வேலை பாக்கறீங்க, இன்ஹே?"

"சம்பளம் குடுக்கறாங்க."

அவன் சிரித்தான். அவன் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. "கெட்டிக்காரி," என்று சொல்லிக் காசு வைத்துவிட்டு எழுந்தான். "துறைமுகம் பெருசு. கதவு ஒண்ணுதானா இருக்கு?"

அடுத்த வெள்ளிக்கிழமை ஹசிந்தாவின் கடைக்குத் தடுப்பூசி கேட்டு ஆள் வந்தான், விட்டுப்போன மாதத்துக்கும் சேர்த்து. ஹசிந்தா கொடுத்தாள். "பழையபடி ஆயிட்டோம், ஞாஞா. அந்த மட்டும் நல்லது," என்றாள்.

மழைக்காலம் முடிகிற சமயம் ஒரு நாள் காலையில் பாத்திமா கடைக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹசிந்தா துணியைப் போர்த்தியதும், வெட்ட வேண்டாம் என்று கையைக் காட்டினாள். மாடிப்படியில் இறங்கி வந்த நார்சிசாவைக் கண்ணாடியிலேயே பார்த்துச் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரர் போனுக்கு ஒரு படம் வந்திருக்கு. நான் சந்தையில தக்காளி பொறுக்கற படம்."

ஹசிந்தா கத்தரியைக் கீழே வைத்தாள்.

"பெட்டியோட சீலை உடைச்சு, அவங்க சரக்கு உள்ள போனதும் மறுபடி சீல் போடணுமாம். அது அவர் கையிலதானே இருக்கு. கம்ப்யூட்டர்ல இல்லையே." பாத்திமாவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "உன் மெஷின்ல அவர் கையையும் போட்டுப் பூட்ட முடியாதா, நார்சிசா?"

நார்சிசா அவள் பக்கத்தில் போய் நின்று தோளைத் தொட்டாள். கணினியில் கதவை அடைத்தால் அவர்கள் போய்விடுவார்கள் என்று அவள் ஒருபோதும் நம்பியதில்லை. ஆனால் அடுத்த கதவு யாருடையது என்று அவள் யோசித்ததும் இல்லை.

அன்றே இத்செலுக்குச் சொன்னாள். பெட்டிகளின் சீலையும் ஆள் கை படாமல் இயந்திரமே போட்டு, அது திறந்தால் அங்கேயே தெரியும்படி செய்ய முடியும், அதற்கான பூட்டுகள் இருக்கின்றன என்று விளக்கினாள். பனாமாவில் பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். வேண்டுமானால் பனாமாவுக்கே வந்து பெட்டகத்தின் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும்படியும் கேட்டார்கள். நல்ல சம்பளம், கடல் பார்த்த வீடு. போனால் சம்மதம் சொல்கிற அந்த இரண்டு பேரில் ஒருத்தி ஆகிவிடுவாள், சாவி மறுபடி அவள் கைக்கு வந்துவிடும். நார்சிசா வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

மில்தோன் தொமாலா ஒரு மாதம் அவர்கள் சொன்னபடி செய்தான். பிறகு ஒரு நாள் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. அவன் மோட்டார் சைக்கிள் பாலத்தடியில் சாவியோடு கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. சுங்கத்துறைக்கு அவன் தகவல் கொடுத்தான் என்று சிலர் சொன்னார்கள். அவனே ஓடிப்போய்விட்டான், பெருவில் இருக்கிறான் என்று வேறு சிலர் சொன்னார்கள். பாத்திமா இரண்டையும் கேட்டுக்கொள்வாள்.

இயந்திரச் சீல்கள் அதற்கு அடுத்த ஆண்டு வந்தன, பாதி அடுக்குகளுக்கு மட்டும். அவற்றைப் பொருத்தும் வேலையை நார்சிசாதான் மேற்பார்வை பார்த்தாள். வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு அடுக்கு அடுக்காக நடந்து, இதற்கு யார் சாவி, அதற்கு யார் சாவி என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே போனாள். கேட்டதும் ஆட்கள் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். பாரந்தூக்கி ஓட்டுகிறவன் பார்த்தான். எடை போடுகிறவள் பார்த்தாள். வாசல் காவல்காரன், "எனக்கு ஒண்ணும் தெரியாது, இன்ஹே. என்னை எழுதிக்காதீங்க," என்று சொல்லிவிட்டுக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.